நோமிகோஸ் கயிறு பிடிக்க மாட்டான்

— எறியாதீங்க. எறிஞ்சா தண்ணியிலதான் விழும். நான் புடிக்க மாட்டேன்.

— டேய் நோமிகோஸ், வெளையாடுற நேரமாடா இது? வாடைக்காத்து படக அப்படியே பாறைப் பக்கம் தள்ளுது. புடிடா!

— யாரு, கேப்டனா? என் பேரெல்லாம் ஞாபகம் இருக்கு போல.

— கேப்டன், கரையில அந்த ஆளு ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு? இந்தக் கயித்தோட நான் எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிறது? என் முட்டி கழண்டுடும்.

— அவன் என் தம்பி, ரூபர்ட் சார்.

— அடடா, தம்பியா? அப்ப இன்னும் சீக்கிரமா இல்ல புடிக்கணும்?

— எங்க குடும்பத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கயித்த மட்டும் விட்டுடாதீங்க. முன்னால நங்கூரம் போட்டாச்சு, பின்பக்கத்தக் கரையில கட்டுனாத்தான் படகு நிக்கும். டேய்! எஞ்சின் சூடாயி இருமுதுடா. இல்லேன்னா இந்தத் துறைக்குள்ள மூக்க நீட்டியிருப்பேனா?

— அதான் தெரியுதே. ஒம்பது வருஷமா நீட்டலையே. கோடை வந்தா முனைக்கு அந்தாண்ட போற, வர்ற. ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பல. அப்பா செத்தப்பவும் வரல. எஞ்சின் கெட்டாத்தான் வீடு ஞாபகம் வருதா?

— எந்த வீடுடா? மாதா திருவிழா அன்னிக்கு, ஊரே பாக்க, இதே கரையில என் பையத் தூக்கிக் கடல்ல வீசுனது யாரு? அப்பா ‘வெளிய போடா’ன்னு மட்டும்தான் சொன்னாரு. வீசுனது உன் கை.

— ஆமா, என் கைதான். வீசுனேன்.

— வெக்கமே இல்லாம சொல்ற பாரு!

— ஊரு பாத்தா எனக்கென்ன? அப்பா பாத்தாரு. உன்ன இல்ல, என் மூஞ்சிய.

— உன் மூஞ்சியில பாக்க என்ன இருக்கு?

— காத்து ஏறுது. உன் வேலையப் பாரு, கேப்டன்.

— கேப்டன், பாறை மேல பாசிகூட எனக்குத் தெரியுது. மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் ரப்பர் பந்தப் புடிச்சு இடிபடாமப் பாத்துக்கிட்டு இருக்காங்க. எங்ககூட வந்த ஹெங்க் மட்டும் வாந்தி எடுத்து பாரோஸ் தீவுல எறங்காம இருந்திருந்தா, இந்நேரம் குதிச்சுப் போய்க் கட்டியிருப்பாரு. நான் ரிட்டயரான வாத்தியார், நானா குதிக்கிறது?

— கொஞ்சம் பொறுங்க சார்.

— இவன் சரியான மரமண்டை. ஆட்டு மூஞ்சி. திட்டலாம்ல? இவனுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல?

— தெரியாது, தெரியாது. ஆடு மேய்ச்சவன். நல்லாத் திட்டுங்க.

— தெரியும் வாத்தியாரே. மரமண்டையும் தெரியும், ஆட்டு மூஞ்சியும் தெரியும்.

— ஐயோ. மன்னிச்சுக்கோங்க தம்பி.

— நீ எப்படா இங்கிலீஷ் படிச்ச?

— குளிர்காலத்துல. இங்க குளிர்காலம் எவ்வளவு நீளம்னு உனக்கு மறந்து போயிருக்கும்.

— அப்ப ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே சண்ட போடுங்க. சாகறதா இருந்தா எதுக்காகச் சாகறோம்னு எனக்கும் புரியட்டும்.

— எதுக்குடா படிச்ச? ஆடுங்களோட பேசவா?

— உன் படகோட இணையப் பக்கத்தப் படிக்க. ‘ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கு மட்டும். ஒரு வாரம், பாய்மரப் படகில், தீவு தீவாக. தனியாக வருபவர்களையும் வரவேற்கிறோம்.’ மனப்பாடம்.

— ஓ, வேவு பாக்குறியா! காபிக்கடையில நாலு பேரக் கூட்டி வச்சு என் படத்தக் காட்டிச் சிரிக்கவா?

— காபிக்கடையில சிரிக்க உன் படம் எதுக்கு? அதான் நான் இருக்கேனே. பாதிரியார் பொண்ணக் கட்ட மாட்டேன்னவன். நாப்பது தாண்டியும் அம்மாவுக்கு சூப்பு வச்சுக் குடுத்தவன்.

— அம்மா எங்க? இவ்வளவு சத்தத்துக்கும் வெளிய வரலையா?

— அம்மா இங்க இல்ல. ஈஸ்டர் முடிஞ்சதும் அக்கா பீரேயஸ் பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. படி ஏற முடியல.

— எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!

— எவன் சொல்லணும்? போன் பண்ணா எடுத்தியா நீ? வெள்ளிக்கிழம ஆனா அம்மா மாடியில நிப்பா, உன் பாய் தெரியுதான்னு. கண்ணு மங்கிடுச்சு. ‘கொடி பறக்குதாடா நோமிகோஸ்?’னு கேப்பா. ‘பறக்குதும்மா, வானவில்லு கணக்கா இருக்கு’ன்னு சொல்லுவேன். எங்கடா அந்தக் கொடி?

— எறக்கிட்டேன்.

— எங்க வச்சு எறக்குன?

— முனை தாண்டும்போது.

— நாக்ஸோஸ்ல பறக்குது. பாரோஸ்ல பறக்குது. பொறந்த ஊருக்கு வந்தா மட்டும் சுருட்டி ஒளிச்சுக்குவியா?

— உனக்காகத்தான்டா எறக்குனேன்! உன் கண்ணுல பட்டு மறுபடி ஒரு சண்ட வேணாம்னுதான்!

— கேப்டன், நான் அப்பவே வேணாம்னேன். வருஷம் பூரா ஆபீஸ்லயும் சொந்தக்காரங்க வீட்லயும் ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசுறவங்க எங்கள்ல பாதிப் பேரு. இந்த ஒரு வாரத்துக்குத்தான் காசு சேத்து வர்றோம். அழுக்குத் துணி மாதிரி எங்களச் சுருட்டி வச்சிட்டீங்க. எனக்கும் ஆத்திரம்தான்.

— பெரியவர் சொல்றாரு, கேளு. கொடிய ஏத்து. அப்பதான் கயிறு.

— அந்தக் கொடியோட உனக்கென்னடா வேல? கேலி பண்றியா?

— ஏத்துடான்னா!

— சுக்கான விட்டுட்டு நான் எங்க போறது?

— நீங்க இருங்க கேப்டன். முன்னால யாராச்சும் கொடிய ஏத்துங்கப்பா! படிக்குக் கீழ, அந்தப் பெட்டியில! ஆங், அதுதான். இழுங்க, இழுங்க!

— ஏறிடுச்சு, போதுமா? பாரு. ஊரும் பாக்கட்டும், அந்தப் பாதிரியாரும் பாக்கட்டும்! இப்பவாச்சும் புடிடா, பாறை கையெட்டுற தூரத்துல இருக்கு!

— எறிங்க வாத்தியாரே.

— இந்தா! அப்பாடி, புடிச்சுட்டான்!

— ரெண்டு சுத்து சுத்துடா, அந்த இரும்புக் கட்டையில—

— எனக்குக் கட்டத் தெரியும். நீ போனதுலேர்ந்து இந்தத் துறையில கயிறு புடிக்கிறவன் நான்தான். எந்தப் படகு வந்தாலும் நீ இருக்கியான்னு பாத்துட்டுத்தான் கையையே நீட்டுவேன். இந்தா, நின்னுடுச்சு உன் படகு.

— நோமிகோஸ், பைய வீசுனவன் நீ. கோவப்பட வேண்டியவன் நான். உனக்கு எதுக்குடா இவ்வளவு கோவம்?

— நீ போனதுக்கு இல்ல. என்ன விட்டுட்டுத் தனியாப் போனதுக்கு.

— என்னடா சொல்ற?

— அப்பா அன்னிக்கு ஏன் என் மூஞ்சிய அப்படிப் பாத்தாருன்னு இன்னுமா வெளங்கல? அதுக்குப் பயந்துதானே உன் பைய வீசுனேன். அண்ணே, அந்த வாந்தி எடுத்தவரோட கட்டில் காலியாத்தானே கெடக்கு?