ஒலிபரப்பை நிறுத்திய ஞாயிறு

— நிறுத்துன்னா நிறுத்தறதுக்கு இது என்ன சார், ஃபேனா? ரேடியோ டவர்! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு.

— பாரும்மா, அஞ்சே நிமிஷம். என் ஹாம் ரேடியோ பெட்டியில எந்தப் பக்கம் திருப்பினாலும் உங்க சோப்பு விளம்பரம்தான். நானே செம்புக் கம்பியைச் சுருளாச் சுத்தி ஒரு வடிகட்டி போட்டேன். அதையும் தாண்டி வருது.

— வராம? டவருக்கு அடியிலயே மேஜையைப் போட்டு, மரத்துல கம்பியைக் கட்டிக்கிட்டு உக்காந்தா? வெள்ளத்துக்குச் சல்லடை பிடிச்ச கதைதான். ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டைத் தட்ட வந்துடறீங்க. இவ்வளவு பெரிய மலையில வேற இடமா இல்ல? அந்தச் சரிவுப் பக்கம் போனா எங்க தொல்லை பாதி குறையும்.

— அங்க ஏற முட்டி ஒத்துழைக்கல.

— இங்க மட்டும் பேட்டரியோட ஏறி வருதா அந்த முட்டி? வீட்டுலயே வச்சுப் பேசக் கூடாதா?

— மகள் வீடும்மா. அடுக்குமாடி. மொட்டை மாடியில கம்பி கட்டினா மத்தவங்க சண்டைக்கு வராங்க. மருமகன் பாவம், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அதான் மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடறேன்.

— அப்படி யார்கிட்டதான் பேசணும்?

— கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுக்காரன். படகு இஞ்சின் ரிப்பேர் பண்றவன். மூஞ்சியைப் பாத்ததே இல்ல. என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் இந்தப் பெட்டியில மோர்ஸ் தந்தி தட்டிப் பேசிக்குவோம். என் சம்சாரம் போனதை முதல்ல அவன்கிட்டதான் சொன்னேன்.

— தந்தியில என்ன சார் பேசுவீங்க?

— என்ன சாப்பிட்ட, மழை உண்டா, முட்டி எப்படி இருக்கு... பாரும்மா, நான் பல் டாக்டர். வேலை பாத்த காலம் பூரா என் முன்னாடி வாயைத் திறந்தவன் ஒருத்தனும் பேசினதில்ல. பேச்சுத் துணைன்னா அவன் ஒருத்தன்தான்.

— அட போங்க சார், சிரிக்கறதா அழறதான்னு தெரியல. இப்ப அவர் வர்றதில்லையா?

— வரான், வரான்! மழைக்கு முன்னாடி, இருமல் விட மாட்டேங்குதுன்னு சொன்னான். அப்புறம் நான் மகள் வீட்டுக்கு வந்துட்டேன், இங்க உங்க டவர் அமுக்கிடுச்சு. ஆனா பாட்டுக்கு அடியில லேசா கேக்குது. தந்தி தட்டறதுல ஆளுக்கொரு கை உண்டும்மா, கையெழுத்து மாதிரி. அவன் கடைசி எழுத்தை இழுப்பான். போன வாரம்கூட உங்க செய்திக்கு நடுவுல இழுத்தான்.

— அவரோட ஃபோன் நம்பர் இல்லையா?

— இருக்கு.

— போட்டுப் பேச வேண்டியதுதானே?

— எடுக்கறது வேற யாராவதா இருந்துட்டா?

— ஐயோ... சரி சார். நிறுத்தறேன்.

— இப்பவேவா?

— பின்ன? பராமரிப்புன்னு சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு, நிறுத்தின மறு நிமிஷம் என் மேஜை ஃபோன் அலறும். ஏன் பாட்டு வரல, ஏன் செய்தி வரலன்னு கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. நான் உள்ள போறேன். செல்லைக் காதுல வச்சுக்கங்க, கட் பண்ணாதீங்க.

— வேணும்னா அடுத்த வாரம்...

— நல்லா இருக்கே! இத்தனை நாள் கேட்டைத் தட்டிட்டு, அடுத்த வாரமாம். போய் உக்காருங்க சார்.

— உக்காந்துட்டேம்மா.

— நிறுத்தியாச்சு. எப்படி இருக்கு?

— உங்க பாட்டு போயிடுச்சு. அப்பாடா, பெட்டி துடைச்சு விட்ட மாதிரி இருக்கு.

— அவரைக் கூப்பிடுங்க.

— கூப்பிட்டேன்.

— என்ன சொல்றார்?

— இரும்மா. இன்னொரு தரம் கூப்பிடறேன்.

— நிதானமா கூப்பிடுங்க. இங்க ஃபோன் இன்னும் அடிக்கல.

— ஒருத்தர்கூடவா கூப்பிடல?

— லைன் இருக்கான்னு எடுத்துப் பாத்துட்டேன். இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல்னாகூட லீவு போடாம இந்த மிஷினுக்குக் காவல் இருந்தேன் சார், நின்னா ஊரே கேக்கும்னு... விடுங்க. என் கதை எதுக்கு. அவர் வந்தாரா?

— இரைச்சல்தான் வருது.

— அந்த இழுப்பு?

— இல்லம்மா. ரொம்ப நல்லா கேக்குது, பக்கத்து ஊர்க்காரன் எவனோ தட்டறதுகூட கேக்குது. அவன் இல்ல.

— சார்... அழறீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியே வைக்கறேன். இங்க கேக்கறதுக்கு யாரும் இல்ல.

— வேண்டாம்மா, போட்டுடு. சீக்கிரம் போட்டுடு. உங்க பாட்டு இருந்தவரைக்கும் அவனும் இருந்தான்மா.