டீச்சர் போன பிறகும் ஒரு ஓட்டு

மார்லீன்: …அதுக்கு, காலையில நம்ம கடைக்குக் காபி குடிக்க வர்ற லோவல் என்ன சொன்னான் தெரியுமா? "மாத்தி ஓட்டுப் போட்ட அந்த ஆள் இந்தக் கூரைக்குக் கீழதான் உக்காந்து காபி குடிக்குது"ன்னான்.

வெர்னன்: சிரிச்சுக்கிட்டா, நிஜமாவா?

மார்லீன்: சிரிச்சுக்கிட்டேதான். ஆனா என்னையே பாத்துக்கிட்டு.

வெர்னன்: அவன் எப்பவும் உன்னைத்தான் பாப்பான். பன் தட்டு உன் கையிலதானே இருக்கு.

மார்லீன்: விளையாடாத வெர்னன். நம்ம ஊர் ஓட்டுக் கணக்கு பேப்பர்ல வந்திருக்கு. குடியரசுக் கட்சி அறுபத்தெட்டு. ஜனநாயகக் கட்சி ஒண்ணு.

வெர்னன்: ஒண்ணா? சரியாப் பாத்தியா?

மார்லீன்: கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீயே பாரு.

வெர்னன்: ஒண்ணுதான் போட்டிருக்கு…

மார்லீன்: ஏன், எத்தனை வரும்னு நினைச்ச?

வெர்னன்: நான் என்னத்த நினைச்சேன். நீ?

மார்லீன்: ஒண்ணுகூட வராதுன்னு நினைச்சேன். ஆக்னஸ் டீச்சர்தான் மக வீட்டுக்கு, லிங்கன் நகரத்துக்கே போயாச்சே.

வெர்னன்: ம்…

மார்லீன்: இத்தனை வருஷமா அந்த ஒரு ஓட்டு டீச்சரோடதுன்னுதானே ஊரே சொல்லிச்சு. அவங்களும் சிரிச்சு மழுப்பிடுவாங்க. இப்ப அவங்க இல்ல, ஓட்டு மட்டும் இருக்கு.

வெர்னன்: ஒமாஹாவுல அத்தனை கூட்டத்துக்கு நடுவுல போட்டா யாருக்குத் தெரியும்? நெப்ராஸ்கால இந்தப் பக்கம் வந்துட்டா சோளக்காடும் ஒரே கட்சியும்தான். பள்ளிக்கூடத்தை மூடினதுலேருந்து ஆளும் குறைஞ்சுபோச்சு, ரகசியமும் குறைஞ்சுபோச்சு.

மார்லீன்: டீச்சருங்கறதால கேலியோட விட்டாங்க. கடை வச்சிருக்கற நம்மளை விடுவாங்களா? காலையில வர்ற அந்த ஒரு மேஜைக் கூட்டமும் நின்னுபோச்சுன்னா, கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வெர்னன்: நீ ஏன் பயப்படற?

மார்லீன்: நான் எதுக்குப் பயப்படணும்? பொதுவாச் சொன்னேன்.

வெர்னன்: மார்லீன்… டீச்சர் கிளம்பினப்ப நான்தானே பெட்டியெல்லாம் வண்டியில ஏத்தினேன். அப்ப ஒண்ணு சொன்னாங்க.

மார்லீன்: என்ன?

வெர்னன்: "அந்த ஒண்ணு நான் இல்லடா. எங்கப்பா காலத்துலேருந்து நாங்க குடியரசுக் கட்சிதான். யாருக்கோ என் பேருக்குப் பின்னால ஒதுங்க ஒரு இடம் வேணும்னு தோணிச்சு, பேசாம இருந்துட்டேன்"னாங்க.

மார்லீன்: யாருக்காம்?

வெர்னன்: யாருக்குன்னு சொல்லலை. அது நீதான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தேர்தல் அன்னைக்கும் ஓட்டுப் போட்டுட்டு வந்து, என்னைச் சமாதானப்படுத்தற மாதிரி கசகசா வச்ச கொலாச்சி பன் சுட்டு வைப்ப. மத்த நாள்ல கெஞ்சினாலும் கிடைக்காது.

மார்லீன்: அடப்பாவி… தெரிஞ்சேதான் தின்னியா?

வெர்னன்: சூடா இருக்கறப்ப கேள்வி கேட்டு ஆற வைக்கணுமா?

மார்லீன்: கோவமே வரலையா உனக்கு?

வெர்னன்: வந்துச்சு. கட்டின புருஷன் என்கிட்டகூடச் சொல்லலையேன்னு. அப்புறம், சொல்ற மாதிரி நான் எப்பவாவது நடந்துக்கிட்டேனான்னு யோசிச்சேன்… கோவம் போயிடுச்சு.

மார்லீன்: அப்ப இந்தத் தடவை பன் சுட்டேனா?

வெர்னன்: இல்ல. முட்டி வலின்னியே.

மார்லீன்: முட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

வெர்னன்: பின்ன?

மார்லீன்: டீச்சரும் போயாச்சு, அந்த ஒண்ணு விழுந்தா என்னைத்தான் காட்டிக்கொடுக்கும்னு பயந்துட்டேன். உங்க கட்சிக்கே போட்டுட்டு வந்துட்டேன். வந்து பின்கட்டுல உக்காந்து அழுதேன்.

வெர்னன்: …நீ போடலையா?

மார்லீன்: போடலை. அதான் காலையிலேருந்து மண்டை காயுது. டீச்சரும் இல்ல, நானும் இல்ல. அப்ப யாரு? … ஏன்ப்பா, உன் மூஞ்சி ஏன் இப்படிச் செவக்குது?

வெர்னன்: ரெண்டு வரும்னு நினைச்சேன், மார்லீன். ஒண்ணுன்னா உன்னைக் கை காட்டுவாங்க, ரெண்டுன்னா யாரைக் காட்டுவாங்க… அதான், பொறந்ததுலேருந்து மொத தடவையா உன் கட்சிக்குப் போட்டேன்.