அகிலனுக்குக் கிடைத்த முப்பது நாள்

எழுபத்தொரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளிக்காகப் போனில் வாதாட இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த அவகாசம் எழுபத்திரண்டு. எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச வராது. பீட்சாகூட ஆப்பில்தான் வாங்குவேன்.

விசாரணையின் தொடக்கத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் உயிர்வேதியியல் படித்தவள். ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற அமெரிக்க ஊரில் ஒரு சிறிய போதை மறுவாழ்வு நிலையம். இன்சூரன்ஸுக்குப் போகும் காகிதங்களைச் சீர்செய்ய என்னைச் சேர்த்தார்கள். அப்போது பத்தில் நான்கு பில் பணம் கிடைக்காமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆலோசகர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியதுதான் காரணம்.

வாஞ்சிநாதன் அங்கிள் அங்கே மூத்த ஆலோசகர்.

"ஏம்மா, 'இன்னைக்கு நல்லா சாப்பிட்டார், சிரிச்சார்'னு எழுதினா என்ன தப்பு?"

"சிரிச்சா டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லுவாங்க, அங்கிள்."

"அப்போ அழ வைக்கணுமா?"

"வேண்டாம். சிரிச்சதை எழுதாம இருந்தா போதும்."

அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் காகித அளவில் யாரும் சிரிக்கவில்லை. ஆறே மாதத்தில் பில் திரும்பி வருவது நின்றது. எனக்காக கேக் வாங்கினார்கள். வெட்டி முடிக்கும்வரை நான் பாத்ரூமில் இருந்தேன்.

அகிலன் ஐடி வேலை பார்ப்பவர். முதுகில் ஆபரேஷன் நடந்த பிறகு வலி மாத்திரையில் மாட்டிக்கொண்டார். எங்களிடம் வந்து ஐம்பது நாள் ஆனதும், குணமாகிவிட்டார், வீட்டுக்கு அனுப்புங்கள் என்றது இன்சூரன்ஸ். இன்னும் முப்பது நாள் வேண்டும் என்றார் எங்கள் டாக்டர். அதைப் போனில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளைக் கணினியில் ஏற்றுவதும் நான்தான். கடைசி மணி நேரத்தில், போனை வைத்துவிட்டு, அகிலனின் முடிவை ஏற்றி அனுப்பினேன். மறுபடி மாத்திரை எடுத்திருக்கிறார் என்று அதில் இருந்தது. உடனே முப்பது நாள் கிடைத்தது.

இன்சூரன்ஸ் அவர் மனைவி மானஸாவின் வேலை வழியாக வந்தது. அதனால் முப்பது நாள் கொடுத்ததற்கான காரணத்தோடு விவரக் கடிதம் மானஸா பெயருக்கு வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் அறையில் மானஸா அதை அகிலன் முன் நீட்டினார்.

"நான் தொடவே இல்ல மானஸா. பாப்பா மேல சத்தியம்."

"அவ மேல சத்தியம் பண்ணாத. போன தடவையும் பண்ண. பேப்பர்ல வந்திருக்கு அகில். பேப்பர் எதுக்குப் பொய் சொல்லப்போகுது?"

மார்க் ஷீட், விசா, கிரீன் கார்டு என்று பேப்பரை நம்பியே இவ்வளவு தூரம் வந்தவர்கள் நாங்கள். அந்த வாரமே மானஸா மகளோடு டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அகிலன் ஒப்புக்கொண்டால் திரும்பி வருவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னாராம்.

அகிலன் பதினொரு நாள் மறுத்தார். மறுப்பது நோயின் அறிகுறி என்று வாஞ்சிநாதன் அங்கிள் பதிவு செய்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி நன்றாகவே எழுதியிருந்தார். பன்னிரண்டாம் நாள் குழுக் கூட்டத்தில் அகிலன் எழுந்தார்.

"எடுத்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஞாபகம் இல்ல. எடுத்திருக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக.

அதை அவர் கடிதமாக எழுதி மனைவிக்கு அனுப்பினார். குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று மானஸா அதை வக்கீலிடம் கொடுத்தார். குழந்தை கேட்டியிலேயே இருக்கிறாள். அகிலன் மாதம் ஒருமுறை வீடியோவில் பார்க்கலாம் என்பது கோர்ட் உத்தரவு.

அகிலன் இன்றும் மாத்திரையைத் தொடுவதில்லை. ஆனால் மாத்திரை தொடாத நாள்களைப் பரிசோதனை நடந்த அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார். அவர் குணமாகியிருக்கிறார் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த முப்பது நாள் வீண்போகவில்லை.

"டெஸ்ட்ல கன்ஃபர்மா தெரிஞ்சுதாம்மா?" என்று அங்கிள் ஒருநாள் கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

இந்த விசாரணையில் தலையாட்டினால் போதாது, வாயால் சொல்லச் சொல்கிறீர்கள். சரி. அன்றைய பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. அகிலன் எதையும் எடுக்கவில்லை. எடுத்தார் என்று எழுதியது நான்.