கடைசிப் பொருள் வரை காத்திருந்த தேநீர்

“ஏம்மா, டீ இன்னைக்கு வருமா, வராதா?”

நகர்மன்றத் தலைவர் ஒருவர், மன்றம் கூடியிருந்த நேரத்தில், ஒலிவாங்கியை அணைக்காமலே கேட்ட கேள்வி இது. கூடம் முழுக்க முழங்கிய அந்தக் கேள்விக்குக் கதவோரம் நின்ற ஒருவர் மெல்லச் சொன்ன பதில்: “கொதிக்குதுங்க ஐயா.” அந்தப் பதிலைச் சொன்னவர் ஓய்வு பெறுகிறார்; அவருக்கு விடை கொடுக்கத்தான் அலுவலக ஊழியர்கள் இன்று இந்த வாழ்த்து மடலோடு கூடியிருக்கிறோம்.

கூடத்தைக் கூட்டியும் பெருக்கியும் கோலோச்சியவரே! ஓலமிட்ட ஒலிவாங்கியை ஒரே தட்டில் ஓயவைத்தவரே! ஊருக்காக உரக்கப் பேசியோர் நடுவே ஓசையின்றி உழைத்தவரே! எங்கள் கூடத்து அக்காவே! வணக்கம்.

இப்படி விளித்தால் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே புகழ்ந்தால், “போங்க, போய் வேலையைப் பாருங்க” என்று எழுந்து போனாலும் போய்விடுவார். ஆகவே அவரிடம் சொல்லாமல் அவையோரிடம் சொல்கிறோம். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அவருடைய பதவியின் பெயர் மன்றக் கூடப் பணியாளர். பெயர் சின்னது, வேலை பெரியது. கூட்ட நாளன்று எல்லோருக்கும் முன்னால் வந்து ஜன்னல்களைத் திறப்பார். லாட வடிவத்தில் போட்ட மேசையைச் சுற்றி நாற்காலிகளை நெருக்கமும் இல்லாமல் விலகலும் இல்லாமல் இழுத்துப் போடுவார். ஒவ்வொருவர் இடத்திலும் காகிதக் கட்டு, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். தலைவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிவாங்கி ஈரக்காற்று பட்டால் பசித்த குழந்தை போல வீறிடும். அதன் கழுத்தில் ஒரு கைக்குட்டையைச் சுற்றிவிடுவார். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடி, குடை, சாவிக்கொத்து எல்லாம் எடுத்து வைத்து உரியவரிடம் சேர்ப்பார். ஒருமுறை மேசைக்கடியில் ஒரு பல்செட் கிடைத்தது. அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, மறுநாள் காலை உரியவர் கையில் ரகசியமாகச் சேர்த்தார். யாருடையது என்று இன்றுவரை சொன்னதில்லை. அந்தப் பல்லுக்குரியவர் இன்று விழாவுக்கு வருவார் என்று மட்டும் நேற்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

இனி அந்தத் தேநீர்க் கதைக்கு வருவோம்.

மன்றத்தின் முன் வைக்கப்படும் ஒவ்வொரு விஷயத்தையும் நாங்கள் பொருள் என்போம். பெரிய பொருள்கள் முதலில் வரும்: கட்டடம், குத்தகை, சந்தை வாசலுக்கு என்ன நிறம் பூசுவது என்பது போன்றவை. தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் வால்பக்கத்தில் வரும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூடத்தில் இருந்தால்தான் எதையும் நிறைவேற்ற முடியும். அந்தக் காலத்தில் கூட்டம் தொடங்கியதுமே தேநீர் கொடுப்பது வழக்கம். குடித்த சூட்டோடு ஒவ்வொருவருக்கும் ஒரு முக்கியமான வேலை நினைவுக்கு வரும். ஒருவர் கைபேசியைக் காதில் வைத்தபடி எழுவார். இன்னொருவர் வயிற்றைத் தடவிக்கொண்டே நழுவுவார். வால்பக்கப் பொருள்களை எடுக்கும்போது பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று படிப்பார். எங்கள் தட்டச்சர் அதே பொருளை மாதாமாதம் புதிதாகத் தட்டுவார்.

பொதுமக்களுக்கென்று கூடத்தின் பின்பக்கம் ஒரு நீள பெஞ்சு உண்டு. அதில் மாதம் தவறாமல் வந்து உட்காருவார் ஒரு தையல்கார அம்மா. கழுத்தில் அளவுநாடா தொங்கும், தோளில் துணிப்பை இருக்கும். அவர் குடியிருந்த சந்தில் சாக்கடையின் மூடிகள் உடைந்து, வழி நெடுக வாய் பிளந்து கிடந்தன. மூடி போடவேண்டும் என்பதுதான் அவருடைய பொருள். அதுதான் எப்போதும் கடைசி.

கூட்டம் கலைந்ததும் அவர் அக்காவிடம்தான் வருவார். தலைவரிடம் போகப் பயம், செயலாளரிடம் போகக் கூச்சம்.

“அக்கா, எங்க சந்து வந்துச்சா?”

“அடுத்த கூட்டத்துல வரும்மா.”

“போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க?”

“போன தடவை சொன்னது போன தடவைக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார் அக்கா. ஒரு மாதம் அந்தச் சிரிப்பு செல்லவில்லை. தையல்கார அம்மா பெஞ்சை விட்டு எழவே இல்லை.

“மழை வரப்போகுதுக்கா. தண்ணி நின்னா ரோடு எது, சாக்கடை எதுன்னு தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கால் வராது, ஊன்றுகோல்தான். ஏற்கெனவே ஒரு தடவை உள்ள விழுந்து, நாலு பேர் தூக்கி எடுத்தாங்க. அதுலேருந்து வாசப்படி தாண்ட மாட்டேங்கிறார். வாங்க, கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னா, ‘ஜன்னல்ல பாக்குறேன், அது போதும்’கிறார். அது எப்படிக்கா போதும்?”

அன்று டம்ளர்களைக் கழுவும்போது அக்காவின் கை பாதியில் நின்றுவிட்டது என்று, பக்கத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் வாயிற்காவலர் சொல்வார். கழுவும் தொட்டியைப் பார்த்தபடியே அக்கா கேட்டாராம்: “டீ குடிச்சதும் கூட்டம் கலையுது. டீயைக் குடுக்கிறது யாரு? நான்தானே? அப்போ கூட்டத்தைக் கலைக்கிறதும் நான்தானே?”

காவலர், “அக்கா, உங்களுக்கு ஏன் இந்த வம்பு?” என்றார். அக்கா மீதி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

அடுத்த கூட்டம் தொடங்கியது. தேநீர் வரவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. சந்தை வாசலுக்குப் பச்சையா நீலமா என்ற விவாதம் சூடுபிடித்ததும் நாலைந்து தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. பால் வரவில்லை என்றார் அக்கா. கொஞ்சம் கழித்து, அடுப்பு மக்கர் பண்ணுகிறது என்றார். பால் வந்து, அடுப்பும் எரிந்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சமையலறைக் கதவை ஒரு சாண் திறந்தே வைத்திருந்தார். வாசனை கூடத்துக்குள் வந்து நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்துகொண்டது. தேநீர் வந்துவிட்டால் ஆள் இருக்கமாட்டார், வாசனை மட்டும் வந்தால் ஆள் எழமாட்டார். இதைத்தான் அக்கா நம்பியிருந்தார்.

அப்போதுதான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அக்கா அந்தப் பதிலைச் சொன்னார்.

“இது மன்றமா, டீக்கடையா?” என்று தலைவர் அலுத்துக்கொண்டார்.

“டீக்கடைன்னா இந்நேரம் டீ வந்திருக்கும் தலைவரே” என்றார் பெரிய மீசை வைத்த உறுப்பினர். கூடம் சிரித்தது. மீசைக்காரருக்குப் பொறுமை குறைவு. சிரிப்பு அடங்கும் முன்பே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஏற்கெனவே சிலர் வராத நாள் அது. அவர் ஒருவர் போனாலும் பாதிக்குக் குறைந்துவிடும். கடைசிப் பொருள் இன்னும் மிச்சம் இருந்தது.

அக்கா தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்து கதவை அடைத்தாற்போல நின்றார். “இந்தா வந்துடுச்சுங்க ஐயா. கையில வாங்க முடியாத சூடு. ஒரே ஒரு பொருள்தான் பாக்கி, அதுக்குள்ள ஆறிடும்.”

ஆவி பறக்கும் டம்ளர்களைப் பார்த்த மீசைக்காரர் பையைக் கீழே வைத்தார்.

செயலாளர் கடைசிப் பொருளைப் படித்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. கண்களெல்லாம் தட்டின் மேல் இருந்தன. செயலாளர் தங்கமான மனிதர். ஆனால் அந்தப் பொருளுக்கு மாதாமாதம் ஒரே வாசகத்தைப் படித்துப் படித்து அவருடைய நாக்கு தடம் போட்டு வைத்திருந்தது. தூக்கிய கைகளைப் பார்த்துத் தலையாட்டினார். குனிந்து, வழக்கமான குரலில், “அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் நிறைவடைகிறது” என்று படித்துவிட்டார்.

உறுப்பினர் ஒருவர் காதிலும் அது விழவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன, கைகள் தட்டை நோக்கி நீண்டன. கதவோரம் அக்கா காதிலும் பின்பெஞ்சில் ஒருவர் காதிலும் மட்டும் விழுந்தது. தையல்கார அம்மா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மன்றம் நடக்கும்போது பணியாளர் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். அக்காவோ அப்போது தற்காலிகப் பணியாளர். ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். டம்ளருக்கு நீண்ட மீசைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“ஐயா, எல்லாரும் கைய தூக்கினாங்க. செயலாளர் ஐயா ஒத்திவெச்சிட்டாங்க.”

டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மன்றத்துல பேச நீ யாரும்மா?”

அக்கா வாயில் வந்தது இதுதான்: “யாரும் இல்லீங்க ஐயா. டீ ஆறுது.”

மீசைக்காரர் வெடித்துச் சிரித்தார். “தலைவரே, நான் தூக்கினேன். தூக்கின கைதான் இது, டம்ளர் கிடைக்காம இன்னும் நிக்குது பாருங்க. அந்த அம்மா சொல்றது சரிதான். முடிச்சு விடுங்க.”

செயலாளர் காகிதத்தைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். “மன்னிக்கணும். பழக்க தோஷம். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.”

தட்டு முன்னால் வந்தது. அவ்வளவு நேரம் கொதித்த தேநீர் கஷாயமாகிக் கிடந்தது. பதற்றத்தில் சர்க்கரையும் போட மறந்திருந்தார் அக்கா. ஒருவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

தையல்கார அம்மா எழுந்த இடத்திலேயே நின்றிருந்தார்.

“அக்கா, வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா.”

“நிஜமாவா?”

“இனிமே என்னைக் கேக்காதே. என்ஜினியர் ஐயாவைப் போய்க் கேளு.”

மறுநாள் தலைவர் அக்காவைத் தம் அறைக்கு அழைத்தார். நாங்கள் எல்லோரும் நடைவழியில் வேலை இருப்பதுபோல நின்றோம். உள்ளே போன வேகத்திலேயே அக்கா திரும்பி வந்தார். “என்னக்கா சொன்னார்?” என்று மொய்த்துக்கொண்டோம். “அடுத்த தடவை சக்கரை போடச் சொன்னார்” என்றார்.

அன்றிலிருந்து இம்மன்றத்தில் கடைசிப் பொருளுக்குப் பிறகுதான் தேநீர். வால்பக்கத்தில் வாடிக்கிடந்த விளக்குகளும் குழாய்களும் ஒவ்வொன்றாகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன. பிற்பாடு வந்த புதிய உறுப்பினர் ஒருவர், இந்த விதியை மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு விதியே இல்லை. இல்லாத விதியை எப்படி மாற்றுவது என்று தலைவர் கேட்டார். அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

குறை சொல்லாத மடலை அக்கா நம்பமாட்டார், ஆகவே அதையும் சொல்கிறோம். பிஸ்கட் விஷயத்தில் அவர் கருமி. கூட்டத்துக்கு வாங்கியதில் ஒன்றைத் தொட்டாலும் கண்ணாலேயே கையைத் தட்டிவிடுவார். கூடத்துச் சாவியைத் தலைவரே கேட்டாலும், “எதுக்குங்க ஐயா?” என்று கேட்காமல் தரமாட்டார். தற்காலிகமாக வந்து, நிரந்தரமாகி, தலைவர்கள் பலரைப் பார்த்து, எல்லோரையும் ஒரே “ஐயா”வில் சமாளித்தவர். எங்களில் புதிதாக வந்தவர் யாராவது மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒதுங்கினால், காரணம் கேட்காமல் ஒரு டம்ளரை நீட்டுவார். அதற்கு மட்டும் கடைசிப் பொருள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டோம். “யாராவது போட்டுக் குடுக்கிற டீயை, சூடா, உக்காந்து குடிக்கணும்” என்றார். அக்காவே! அப்படியே ஆகட்டும். உங்கள் காலையில் அவசரம் இல்லாதிருக்கட்டும், உங்கள் மாலையில் ஆள் துணை இருக்கட்டும். நடக்கும் கால்களும் சிரிக்கும் வாயும் நெடுங்காலம் நலமாக இருக்கட்டும் என்று மனமார வாழ்த்தி, நகர்மன்ற அலுவலக ஊழியர்களாகிய நாங்கள் எல்லோரும் கையெழுத்திடுகிறோம்.

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது கீழே கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது என்றார் தட்டச்சர். வெறுமனே விட மனமில்லை. அக்கா யாரிடமும் சொல்லாத ஒன்றை வாயிற்காவலர் பார்த்திருக்கிறார். அதை இங்கே எழுதிவிடுகிறோம்.

மழைக்கு முன்பே அந்தச் சந்தில் மூடி போட்டாயிற்று. அதற்கடுத்த கூட்டத்தன்று, நல்ல தூறலில், முன்பின் பார்த்திராத ஒருவர் தட்டுத்தடுமாறிப் படியேறி வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். அதன் மேல்முனையில், அக்குளில் உறுத்தாதபடி, பழந்துணியை மடித்து மெத்தென்று தைத்திருந்தது. பின்பெஞ்சில் உட்கார்ந்தார். “உங்க பொருள் ஏதாவது இருக்குங்களா?” என்று அக்கா குனிந்து கேட்டார். இல்லை என்று தலையசைத்தார். முதல் பொருளிலிருந்து கடைசிப் பொருள் வரை அசையாமல் கேட்டார். உறுப்பினர்களுக்குக் கொடுத்து முடித்ததும் அக்கா ஒரு டம்ளரை அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் விழாதபடி தள்ளி வைத்தார். எழுந்து நின்று அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை ஊன்றி, நடைவழியைக் கடந்து, யாரும் கை கொடுக்காமல் படியிறங்கி, தூறலில் நடந்து போனார்.