உலர்ந்த மூங்கிலும் ஒன்பது கையெழுத்தும்

முப்பத்தோராண்டு மரத்தையும் மூங்கிலையும் முறித்துப் பார்த்தே முழுக் கட்டடங்களைக் காத்த எங்கள் சோதனைக்கூடத் தலைவியே! கண்ணை நம்பாமல் கருவியை நம்பிய கண்ணியமே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு, தங்களுடன் பணியாற்றிய ஒன்பது பேரின் வணக்கம்.

மரம் இருக்க மூங்கில் எதற்கு என்று மேலிடம் சிரித்த நாளில், உள்ளே வெற்றிடம் இருந்தாலும் ஓரத்து நாரில் உரம் இருக்கிறது என்று பாரம் ஏற்றிக் காட்டியவர் தாங்கள். தேக்கு விளையத் தலைமுறை வேண்டும், மூங்கில் முற்ற நான்காண்டு போதும் என்று மெச்சிய அதே வாயால், அது நெடுக்கில் பிளக்கும், பூச்சிக்கு இரையாகும், ஈரத்தில் வலுவிழக்கும் என்று குறையையும் கூறினீர்கள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனா இந்தக் கூடத்துல யாரும் காக்கையா இருக்கக்கூடாது" என்பீர்கள்.

புகழ் பாட வந்த இடத்தில் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். தாங்கள் விடுப்பில் இருந்தபோது, பள்ளி உணவுக்கூடத்தின் கூரைக்கு வந்த மூங்கிலை நாங்களே சோதித்தோம். இந்த விழாவுக்காகக் கூடத்தைக் காலி செய்தபோது, மாதிரித் துண்டுகளை வெயில் விழும் மாடி அறையில் எட்டு நாள் போட்டு வைத்தோம். காய்ந்த துண்டுகள் கம்பீரமாகப் பாரம் தாங்கின. ஈரப்பதத்தை மறுபடி அளக்காமல், வந்த நாளின் அளவையே எழுதி, ஒன்பது பேரும் ஒப்பமிட்டோம். கட்டுமான இடத்தில் இருக்கும் மூங்கிலோ இன்னும் பச்சை ஈரம்; காய்ந்த துண்டின் வலு அதற்கு இல்லை. அது காயக் காயச் சுருங்கி மூட்டுகள் தளரும். கீழே குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

நேற்று இந்த மடலுக்காகத் தங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டினோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஈரப்பதம் இரண்டு முறை எழுதியிருந்தது: வந்த நாளில் ஒன்று, முறிக்கும் நாளில் ஒன்று. உடனே மேஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்தோம். "பாதிக் கூரை ஏறிடுச்சு, இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். ஏறிய கழிகள் இப்போது இறங்கிக்கொண்டிருக்கின்றன. அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். இன்னும் எதில் எல்லாம் இப்படி அவசரப்படுவோமோ என்ற அச்சம் மட்டும் போகவில்லை. நாளை முதல் தங்கள் நாற்காலி காலி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தம் முதல் அறிக்கையில் ஒப்பமிடத் தயங்கிய எங்களில் ஒருவரிடம் தாங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "கை நடுங்குதா? நல்லது. நடுங்காத கையை நான் நம்பமாட்டேன்."

ரத்தான அறிக்கையை, இந்த மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம். முன்பக்கம் விருந்தினருக்கு, பின்பக்கம் தங்களுக்கு. நோய் நொடியின்றி நெடுநாள் நிறைவாய் வாழ்க! பின்பக்கத்தில் ஒன்பது கையெழுத்தும் நேராக இருக்கின்றன. இங்கே கீழே உள்ளவை கோணலாக இருக்கின்றன, அம்மா.

இவண்,
சோதனைக்கூடத்தின் ஒன்பது பேர்