வேகத்துக்கு அஞ்சு மார்க்கு

— சரியாச் சொன்னா பத்து மார்க்கு. அதோட நிறுத்திக்கிட வேண்டியதானே, பானு? மொதல்ல அமுக்குனவனுக்கு மேக்கொண்டு அஞ்சு எதுக்குங்கேன்?

— அரே அத்தான், ஆன்லைன் க்விஸ்னா அப்படித்தான். வேகத்துக்கு மார்க் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சங்கத்து ஹால்ல எல்லாரும் தூங்கிருவாங்க.

— ஏட்டி, நான் தாராவி பூரா மூட்ட செமக்கேன். மூட்ட மாடிக்குப் போய்ச் சேந்தா கூலி. ஓடி ஏத்துனவனுக்கு எந்த சேட்டு மேக்கொண்டு குடுத்தான்?

— சரி, உங்க வழிக்கே வாரேன். மூட்டையக் கீழ போட்டு உடைச்சா?

— கூலியில பிடிப்பான்.

— பஸ், போதும்! தப்பான பதிலுக்கு மைனஸ் ரெண்டு. போட்டாச்சு.

— அடிப்பாவி! நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேனா?

— அடுத்தது. தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷன் எது எது? சயானும் சரி, மாஹிமும் சரி. ஒண்ணை மட்டும் தொட்டா பாதி மார்க் குடுக்கலாமா?

— பாதிப் படியில எறக்கி வச்சவனுக்குப் பாதிக் கூலியா? ஒண்ணுங் கெடையாது.

— அத்தான், நீங்களும் ஆடப் போறீங்க. ஞாபகம் இருக்கா?

— நியாயம்னா எனக்கும் நியாயந்தான். வேகத்துக்குக் குடுக்கே பாரு, அதான் அநியாயம்.

— இதுக்குத்தான் கிங்ஸ் சர்க்கிள் வரை போய் மைசூர்பா வாங்கிட்டு வந்தீங்களா?

— அது வேற. கொழுந்தியாளுக்கு வாங்கிக் குடுக்கப்பிடாதா?

— இத்தனை வருசமாக் குடுக்கலையே! உண்மையச் சொல்லுங்க.

— நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எழுத்துப் படிச்சவன்ட்டி. பதிலு தொண்டையில நிக்கும். கேள்விய எழுத்துக்கூட்டி முடிக்கதுக்குள்ள உங்க காலேஜ் பயலுவ அமுக்கிருவானுவ. பெரிய ஸ்கிரீன்ல 'சுடலைக்கண்ணன், கடைசி'ன்னு ஓடும். கூட மூட்ட தூக்குத பயலுவ அம்புட்டுப் பேரும் பாக்க வாரானுவ. பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லாரிக்குப் போவேன்?

— ஐயோ, டென்ஷன் வேண்டாம். வேக மார்க் இல்லவே இல்ல. காலையிலயே எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா? பொறவு எதுக்குட்டி இம்புட்டு நேரம் கெஞ்ச விட்ட?

— மைசூர்பா தீரட்டும்னுதான்.

— எந் தங்கம்! யாருமே சொல்லாம நீயாவா எடுத்த?

— நானா எங்க எடுத்தேன்? சொர்ணக்கா வந்து நின்னா. உங்க பொண்டாட்டிதான்.

— அவளா? என்ன சொன்னா?

— 'அத்தான் பாவம்டி. அவருக்கு எங்க வாசிக்க வருது? நாலு பேரு முன்னால அசிங்கப்படுவாரு, அத எடுத்துரு'ன்னா.

— பாவம்னா சொன்னா?

— ஆமா.

— வாசிக்க வராதுன்னுமா சொன்னா?

— அத்தான், ஏன் எந்திரிக்கிறீங்க? ஒரு துண்டு மிச்சம் இருக்கு, நீங்களும் சாப்பிடுங்க.

— மைசூர்பா கெடக்கட்டும். அந்த வேக மார்க்கைத் திருப்பிப் போடு. அஞ்சு என்னட்டி அஞ்சு, பத்தாப் போடு!