வடக்கு வேலியை அறுப்பதா, விடுவதா?

அவைக்கு ஓர் அவசர அறிவிப்பு! நம் தலைவர் ஹிராம் டாக்கெட் ஐயாவின் புள்ளிக்கோழி இன்று காலை இந்த மேடைக்கடியில் முட்டையிட்டிருக்கிறது. தாயும் சேயும் நலம்.

அந்த முட்டைக்கு மேலேயே அமர்ந்து அவையை அடைகாக்கும் தலைவர் அவர்களே! தாடி நரைத்தும் தளராத பெரியவர்களே! மடியில் பிள்ளையையும் மனதில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! லெவியின் வணக்கம்.

பனி விழுமுன் வடக்கு வேலியை அறுப்பதா, விடுவதா? இன்று கைதூக்கி முடிவெடுக்கப் போகிறோம்.

பத்தாண்டுக்கு முன் இந்த டெக்சாஸ் மண்ணில் புல் கம்பளமாய்க் கிடந்தது. காட்டெருமையைத் தோலுக்காகச் சுட்டோம். அதை நம்பி வாழ்ந்த கொமான்சி மக்களைப் படை விரட்டியது. காலியான இடத்தில் மாட்டுப்பண்ணைக் கம்பெனி வந்தது. நூறு மாடு மேயும் நிலத்தில் ஐந்நூறை விட்டது. காட்டெருமை மேய்ந்தது, நகர்ந்தது. மாடோ மேய்ந்தது, மேய்ந்தது, வேரையும் மேய்ந்தது! ஓடைக்கரை குளம்படியில் உடைந்தது. புல் போனது, புழுதி வந்தது. மிச்சப் புல்லுக்கு வடக்கு மாடு வரக்கூடாதென்று முள்கம்பியும் வந்தது!

என்ன மேஸ்திரி ஸ்டோவர் அண்ணே? "வேலி போடுறப்போ கம்பி புடிச்ச பயதானடா நீ?" என்கிறீர்களா? ஆமாண்ணே! நான் புடிச்சேன், நீங்க சுத்தியலால அடிச்சீங்க. போன என் கட்டைவிரல் நகம் இன்னும் உங்களைத்தான் தேடுது!

போன ஜனவரிப் புயலை மறப்போமா? வாடைக்கு முதுகு காட்டி மாடு தெற்கே நடக்கும். திரும்பாது. குறுக்கே கம்பி வந்தால்? நிற்கும். நின்றபடியே உறையும். இதோ இங்கே அமர்ந்திருக்கும் கேத்தூரா அம்மாவின் முப்பத்தொரு மாடு அப்படித்தான் போனது. மிச்சம் நாலு கறவை, அதுவும் வேலிக்கு வடக்கே. இந்தப் பனியில் அதுவும் போனால், அவர் நிலத்தை விட்டுப் போவதைத் தவிர வேறென்ன வழி?

"புயலுக்குள் புகுந்து மாட்டுக்காக வேலிக்கதவைத் திறந்த வீரன் நான்!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கேத்தூரா அம்மாகூட, "எம்மாடு அந்தக் கதவு வரைக்கும் வந்து சேரலியேப்பா"ன்னு கண் கலங்கினாங்க.

வந்துச்சும்மா. என் குதிரைக்குப் பின்னாலேயே வந்துச்சு. கதவைத் திறந்தது நிஜம். ஆனால் நான் நுழைந்ததும் இறங்கிச் சாத்திவிட்டேன். திறந்தவன் சாத்தணும், அதுதானே நம்ம ஊர் மரியாதை? கை அதுபாட்டுக்குச் செஞ்சிருச்சு. கொக்கி சரியா விழுந்திருக்கான்னு இழுத்துக்கூடப் பார்த்தேன்.

அறுங்கள் ஐயா, அந்த வேலியை. என் கையை முதலில் எண்ணுங்கள். கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம். கேத்தூரா அம்மாவுக்கு மட்டும் வணக்கம் சொல்ல வாய் வரவில்லை.